மறதிநோயும் தூக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் மறதிநோய் உள்ள பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஒன்றுகூடிப் பேசினால், எங்கே தொடங்கினாலும் பேச்சு கடைசியில் தூக்கத்தில் வந்து நிற்கிறது. அப்பா தூங்கவில்லை, மாமியார் பகலெல்லாம் தூங்குகிறார், எனக்கே தூக்கம் போய்விட்டது, எனக்கும் இந்த நோய் வருமா... திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மறதிநோய் என்று எழுதுவது டிமென்ஷியாவை. அல்சைமர் அதில் அதிகம் காணப்படும் வகை. நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

மறதிக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் வேறு வேறு இல்லையா?

இரண்டும் ஒரே மூளையின் வேலை. எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது என்று உடம்புக்குச் சொல்லும் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. அல்சைமர் ஞாபகம் இருக்கும் இடத்தை மட்டும் பார்த்துத் தாக்குவதில்லை. இந்தக் கடிகாரமும், நம்மைப் பகலில் விழிப்பாக வைத்திருக்கும் நரம்பணுக்களும் சேர்ந்தே சிதைகின்றன. அதனால் தூக்கம் கெடுவது நோயின் பக்கவிளைவு என்பதைவிட நோயின் ஒரு பகுதி என்பதே சரி.

மறுபக்கமும் உண்டு. பகலில் பார்த்ததும் கேட்டதும் நிலையான ஞாபகமாகப் பதிவது பெரும்பாலும் தூக்கத்தில்தான். தூக்கம் கெட்டால் அந்தப் பதிவும் கெடுகிறது. பல வருடங்கள் தொடர்ந்து கெட்டால் நோய்க்கே வழி விடுகிறதா என்பதுதான் பெரிய கேள்வி. நோய் தூக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் மூளையைக் கெடுக்கிறது. கீழே உள்ள பல பதில்களில் இந்தச் சிக்கல் திரும்ப வரும்.

வயசானா தூக்கம் குறையுறது சகஜம்தானே? எதை வைத்து இது நோய் என்று தெரிந்துகொள்வது?

சகஜம்தான். 70 வயதில் இரவு எட்டரைக்கே கண் சொக்குவது, மூன்றரை மணிக்கு விழிப்பு வந்துவிடுவது, நடுவில் சிறுநீர் கழிக்க எழுந்து திரும்பப் படுப்பது, தூக்கம் முன்புபோல ஆழமாக இல்லாதது எல்லாம் வயதோடு வருகிறவை. பகலில் அவர் தெளிவாக இருந்து, பேப்பர் படித்து, கணக்கு வழக்கு பார்த்துக்கொண்டிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

கவனிக்க வேண்டியது மாற்றத்தை. எப்போதும் ஆறு மணி நேரம் தூங்கியவர் ஓரிரு வருடங்களில் பத்து மணி நேரம் தூங்கத் தொடங்கினால், இரவும் பகலும் தலைகீழானால், நடு இரவில் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினால், தூக்கத்தில் கைகாலை வீசினால், அது வயது மட்டும் செய்கிற வேலை இல்லை.

நான் முப்பது வருஷம் ஐந்து மணி நேரம்தான் தூங்கினேன். எனக்கும் வந்துவிடுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பெற்றோரைப் பார்த்துப் பயந்து கேட்கிறார்கள்.

பிரிட்டனின் அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவரும் ஒயிட்ஹால் ஆய்வில் சுமார் 8,000 பேரின் விவரங்களை எடுத்து, 2021இல் ஒரு கட்டுரை வந்தது. 25 வருடங்களில் 521 பேருக்கு மறதிநோய் வந்திருந்தது. 50, 60, 70 வயதுகளில் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட 30 சதவீதம் கூடுதல் வாய்ப்பு இருந்தது. இந்த 30 சதவீதத்தைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். நூறு பேரில் முப்பது பேருக்கு வரும் என்று அர்த்தம் இல்லை. ஏழு மணி நேரம் தூங்கும் நூறு பேரில் பத்துப் பேருக்கு வருமானால், குறைவாகத் தூங்கும் நூறு பேரில் பதின்மூன்று பேருக்கு வரலாம். மீதி எண்பத்தேழு பேருக்கு இல்லை.

மார்கரெட் தாட்சர் நான்கு மணி நேரம்தான் தூங்குவார், அவருக்கும் வந்ததே என்று யாராவது ஒருவர் எடுத்துவிடுவார். உண்மைதான். ஆனால் ஒரு பிரதமரை வைத்துக் கணக்குப் போட முடியாது. குறைவாகத் தூங்கியும் தொண்ணூறு வயதுவரை தெளிவாக இருந்த தாத்தா பாட்டிகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். போன தூக்கத்துக்காக வருத்தப்பட்டுப் பயனில்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேட்பது இவற்றைப் பார்த்துக்கொள்வது அதைவிட உறுதியான பலன் தரும்.

தூங்கும்போது மூளை தன்னையே கழுவிக்கொள்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நிஜமா?

பாதி நிஜம், பாதி இன்னும் வழக்கில் இருக்கிறது.

உறுதியாகத் தெரிந்தது இது. அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் விழித்திருக்கும்போது கூடுகிறது, தூங்கும்போது குறைகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் எலிகளில் இதைக் காட்டினார்கள். 2018இல் நலமாக இருந்த 20 பேரை ஒரே ஓர் இரவு தூங்கவிடாமல் வைத்து, அமிலாய்டைப் படமாகக் காட்டும் பெட் (PET) ஸ்கேன் எடுத்தபோது, மூளையின் சில இடங்களில் அமிலாய்டு சுமார் 5 சதவீதம் கூடியிருந்தது. நன்றாகத் தூங்கினால் இறங்கிவிடக்கூடிய அளவுதான் என்றே எடுத்துக்கொள்ளலாம். ஓர் இரவு கண்விழித்தால் நோய் வராது.

'கழுவுதல்' கதை தொடங்கியது 2013இல். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்டின் குழு, தூங்கும் எலிகளின் மூளையில் அணுக்களுக்கு இடையிலான இடைவெளி சுமார் 60 சதவீதம் விரிகிறது, அதன் வழியே திரவம் பாய்ந்து கழிவை அள்ளிச் செல்கிறது என்று எழுதியது. வாட்ஸ்அப்பில் வருவது இதுதான். ஆனால் 2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு ஒன்று, தூக்கத்திலும் மயக்கத்திலும் அந்தக் கழிவகற்றல் குறையத்தான் செய்கிறது என்று எலிகளிலேயே காட்டியது. அளந்த விதம் சரியா என்று இரண்டு தரப்பும் வாதாடிக்கொண்டிருக்கின்றன. இதைக் காட்டி 'மூளைக் கழிவு நீக்கும் கஷாயம்' விற்கிறவர்களை மட்டும் நம்பாதீர்கள். எலிக்கே இன்னும் முடிவு தெரியவில்லை.

அப்படியானால் ஒன்பது பத்து மணி நேரம் தூங்கினால் நல்லதுதானே?

இல்லை. இங்கேதான் விஷயம் திரும்புகிறது. அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் ஊர்மக்களைப் பல தலைமுறைகளாகக் கவனித்துவரும் ஆய்வில், ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களுக்கு அடுத்த பத்து வருடங்களில் மறதிநோய் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காக இருந்தது என்று 2017இல் எழுதினார்கள். அதிலும் முன்பு ஒன்பது மணி நேரத்துக்குள் தூங்கி, பிறகு இப்படி நீண்டவர்களிடம்தான் அது தெரிந்தது.

அதிகம் தூங்கியதால் நோய் வந்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. உள்ளே நோய் தொடங்கிவிட்டதால் தூக்கம் நீண்டது என்பதே பொருத்தமான விளக்கம். அப்பாவைப் பிடித்து உலுக்கி ஏழு மணி நேரத்தில் எழுப்பிவிட்டால் நோய் தள்ளிப்போகாது; அவருக்கு எரிச்சல்தான் வரும்.

அத்தை சாப்பிட்டதும் தூங்கி மாலை ஐந்துக்குத்தான் எழுந்திருக்கிறார். பகல் தூக்கம் மறதியை அதிகமாக்குமா?

சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழக ஆய்வொன்றில் 1,400க்கும் மேற்பட்ட முதியவர்களின் கையில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டிப் பல வருடங்கள் கவனித்தார்கள். முடிவு 2022இல் வந்தது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பகலில் தூங்கியவர்களுக்கு அல்சைமர் வாய்ப்பு 40 சதவீதம் கூடுதல். நலமாக இருந்தவர்களின் பகல் தூக்கம் வருடத்துக்குச் சராசரியாக 11 நிமிடம் கூடியது. அல்சைமர் உறுதியான பிறகு அதுவே வருடத்துக்கு 68 நிமிடமாக உயர்ந்தது.

ஏன் என்பதற்கு ஒரு விடை கலிஃபோர்னியாவிலிருந்து 2019இல் வந்தது. அல்சைமரில் இறந்தவர்களின் மூளையைப் பார்த்தபோது, விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் மூன்று நரம்பணுக் கூட்டங்கள் பெருமளவு அழிந்திருந்தன. அதனால் "சோம்பேறித்தனம்", "வேண்டுமென்றே படுத்துக்கொள்கிறார்" என்று அத்தையைத் திட்ட வேண்டாம். அவரால் விழித்திருக்க முடியவில்லை.

அதற்காக ஐந்து மணிவரை விட்டுவிடவும் வேண்டாம், இரவுத் தூக்கத்தை அது விழுங்கிவிடும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி, முக்கால் மணி போதும். மூன்று மணிக்கு மேல் படுக்கவிடாமல், முகம் கழுவ வைத்து, காபி கொடுத்து வாசலில் உட்காரவைக்கலாம். இரவு தூங்கியும் பகலில் இப்படி என்றால் குறட்டையையும் மாத்திரைப் பட்டியலையும் பாருங்கள்; இரண்டும் கீழே வருகின்றன.

குறட்டை விட்டுத் தூங்குகிறவர் நன்றாகத் தூங்குகிறார் என்றுதானே அர்த்தம்?

இந்த ஒரு நம்பிக்கையை ஒழித்தாலே பாதி நன்மை. சத்தமான குறட்டை, திடீரென்று அமைதி, பிறகு மூச்சு முட்டியதுபோல ஒரு பெரிய இழுப்பு, திரும்பக் குறட்டை. இப்படி இருந்தால் அது தூக்க மூச்சடைப்பாக இருக்கலாம். தொண்டைச் சதை தளர்ந்து காற்றுப்பாதையை மூடுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை அலறி அடித்து ஒரு விநாடி விழிக்கிறது. காலையில் அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. தலைவலியும் அசதியும் மட்டும் இருக்கும்.

2011இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மறதிப் பிரச்சினை இல்லாத 298 வயதான பெண்களை எடுத்துக்கொண்டார்கள். சுமார் ஐந்து வருடங்களில், மூச்சடைப்பு இருந்தவர்களில் 45 சதவீதம் பேருக்கு லேசான மறதியோ மறதிநோயோ வந்தது. இல்லாதவர்களில் அது 31 சதவீதம். தூக்க நேரம் குறைந்ததைவிட ஆக்சிஜன் குறைந்ததோடுதான் இது அதிகம் ஒட்டி வந்தது.

சிகிச்சை உண்டு. மூக்கிலோ வாயிலோ முகமூடி மாட்டிக் காற்றழுத்தம் கொடுக்கும் சி-பாப் கருவி முக்கியமானது. அது மறதிநோயைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. ஆனால் பகல் தூக்கமும் மந்தமும் குறையும். மறதிநோய் என்று நினைத்து அழைத்துவந்த சிலருக்கு மூச்சடைப்புதான் பெரிய காரணமாக இருந்து, கருவி மாட்டியபின் தெளிவு திரும்புவதும் உண்டு. அதனால் குறட்டை பற்றி டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

கணவர் தூக்கத்தில் கத்துகிறார், என்னை அடித்தே விட்டார். எழுப்பினால் யாரோ துரத்தியதாகக் கனவு என்கிறார். பேய் பிடித்திருக்கிறது என்கிறார் நாத்தனார்.

பேய் இல்லை. கனவு வரும் தூக்கத்தில் நம் தசைகள் செயலிழந்து கிடக்கும்படி மூளைத்தண்டு பார்த்துக்கொள்கிறது. அந்தப் பூட்டு பழுதானால் கனவில் செய்வதைக் கையும் காலும் நிஜமாகவே செய்கின்றன. கனவுத் தூக்க நடத்தைக் கோளாறு என்று இதைச் சொல்லலாம். 1986இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஷெங்க், மஹோவால்ட் என்ற இரண்டு டாக்டர்கள் இதை முதலில் விவரித்தார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களிடம்தான் டாக்டர்கள் இதை அதிகம் கண்டுபிடிக்கிறார்கள்.

இந்தப் பக்கத்திலேயே நேராகச் சொல்லக் கஷ்டமான பதில் இது. வேறு காரணம் இல்லாமல் இந்தக் கோளாறு வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பல வருடங்கள் கழித்து பார்க்கின்சன் என்ற நடுக்க நோயோ, மறதிநோயின் இன்னொரு வகையான லூயி உடல் மறதிநோயோ வருகிறது. 24 மையங்களில் 1,280 பேரைத் தொடர்ந்து பார்த்து 2019இல் வந்த ஆய்வு, 12 வருடங்களில் 73 சதவீதத்துக்கு மேல் என்கிறது. தூக்கத்துக்கும் மறதிநோய்க்கும் உள்ள தொடர்பில் இவ்வளவு உறுதியானது வேறு எதுவும் இல்லை. ஆனால் சில மனச்சோர்வு மாத்திரைகளாலும் இப்படி வரலாம், மூச்சடைப்பும் இதே மாதிரி தோன்றலாம். அதனால் வீட்டிலேயே முடிவு கட்டாமல், இரவுத் தூக்கத்தைக் கருவிகளோடு பதிவுசெய்யும் சோதனைக்கு நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள்.

அதுவரை கட்டிலைவிட்டுத் தரையில் மெத்தை போட்டுப் படுக்கவைப்பது நல்லது. பக்கத்தில் கண்ணாடி, சொம்பு, கூரான மேசை முனை எதுவும் வேண்டாம். நீங்கள் தனியாகப் படுப்பதில் தப்பே இல்லை.

சாயங்காலம் ஆறு மணியானால் "வீட்டுக்குப் போகணும்" என்று பையைத் தூக்கிக்கொள்கிறார். வீட்டில்தானே இருக்கிறோம்!

மறதிநோய் உள்ளவர்களிடம் அந்திநேரக் குழப்பம் மிகச் சகஜம். முதல் பதிலில் சொன்ன கடிகாரம் பழுதானது ஒரு காரணம். நாள் முழுக்கக் குழம்பிய மூளையின் களைப்பு, வெளிச்சம் மங்கி நிழல்கள் நீள்வது, வீட்டுக்கு எல்லோரும் திரும்பும் சந்தடி, பசி, எல்லாம் அதே நேரத்தில் சேர்கின்றன.

"இதுதான் உங்கள் வீடு" என்று வாதாடிப் பார்க்காத குடும்பம் இல்லை, அதில் ஜெயித்த குடும்பமும் இல்லை. "சரி, போகலாம், முதலில் டிபன் சாப்பிட்டுவிடலாம்" என்று பேச்சை மாற்றுவது பலிக்கும். ஐந்தரை மணிக்கே எல்லா விளக்கையும் போட்டு, டிவியில் சண்டை போடும் சீரியலை நிறுத்தி, கையில் ஒரு வேலை கொடுங்கள். கீரை ஆய்வது, பூ கட்டுவது, துணி மடிப்பது. சரியாக வராவிட்டால் என்ன, கை பழகிய வேலை மனசைப் பிடித்து வைக்கும்.

நேற்றுவரை நன்றாகத் தூங்கினார். மூன்று நாளாக இரவெல்லாம் உளறல், பகலில் மயக்கம். நோய் முற்றிவிட்டதா?

மறதிநோய் மூன்று நாளில் முற்றாது. திடீர் மாற்றம் என்றால் வேறு ஏதோ நடந்திருக்கிறது: சிறுநீர்த் தொற்று, நிமோனியா, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, உடம்பில் நீர் வற்றியது, சோடியம் குறைந்தது, விழுந்ததில் ஏற்பட்ட தலைக்காயம், புதிதாகத் தொடங்கிய மாத்திரை. வயதானவர்களுக்கு ஜுரம்கூட இல்லாமல் தொற்று இருக்கலாம். இது அவசரம், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

தூக்க மாத்திரை கொடுத்தால் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாமே?

ஆசை புரிகிறது. ஆனால் கேள்வியில் உள்ள 'எல்லோரும்' முக்கியம்: பல வீடுகளில் மாத்திரை தரப்படுவது மற்றவர்கள் தூங்குவதற்காக.

அல்பிரசோலாம், குளோனசெபாம் வகை மாத்திரைகள் தூக்கத்தைத் தரும். கூடவே தள்ளாட்டம், குழப்பம், விழுந்து இடுப்பு எலும்பு முறிவது ஆகியவற்றையும் தரும். மறதிநோய் உள்ளவர்களுக்கு முடிந்தவரை தவிர்க்க வேண்டும் என்பதே முதியோர் மருத்துவத்தின் நிலை. ஆனால் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவருக்கு ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இவற்றால் மறதிநோயே வருமா என்றும் கேட்கிறார்கள். ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. நோயின் ஆரம்பத் தூக்கமின்மைக்காகத்தான் மாத்திரையே தொடங்கியிருக்கலாம் என்ற அதே முன்பின் சிக்கல் இங்கேயும் இருக்கிறது.

சளி மாத்திரை ஒன்று போட்டால் தூங்கிவிடுவார் என்பது மருந்துக்கடை வைத்தியம். குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் உள்ள சளி, இருமல் மருந்துகள் ஞாபகத்துக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற மூளை ரசாயனத்தைத் தடுக்கின்றன. அல்சைமருக்குக் கொடுக்கும் டோனபெசில் அதைக் கூட்டப் பார்க்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டையும் கொடுப்பது வீண் வேலை. அப்புறம், மனநோய்க்கான குவெட்டியாப்பின், ரிஸ்பெரிடோன் போன்றவை. மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இவை இறப்பு வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே கடுமையான எச்சரிக்கை விடுத்தது. லூயி உடல் மறதிநோய் உள்ளவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்றவை பேராபத்து. முற்றிய கலவரத்துக்கு வேறு வழியே இல்லாமல் டாக்டர் கொஞ்ச காலத்துக்குக் கொடுப்பது வேறு. வெறும் தூக்கத்துக்காகக் கொடுப்பது வேறு.

இரவு வந்ததை உடம்புக்குச் சொல்லும் ஹார்மோனான மெலடோனின், மாத்திரையாகப் பாதுகாப்பானது என்று பெயர் எடுத்தது. ஆனால் அல்சைமர் நோயாளிகளின் இரவுத் தூக்கத்துக்கு அது உதவியதற்குச் சான்று இல்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டு 2020இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. அதே மதிப்பாய்வில், விழிப்பைத் தரும் ஒரெக்சினைத் தடுக்கும் புதிய வகை மாத்திரைகள் ஓரளவு பலித்தன. அது நரம்பியல் டாக்டரிடம் பேச வேண்டிய விஷயம்.

மாத்திரை இல்லாமல் வேறு என்னதான் செய்வது?

முதலில் தூக்கத்தைக் கெடுப்பதைத் தேடுங்கள். மறதிநோய் உள்ளவரால் "முட்டி வலிக்கிறது", "கால் குடைகிறது" என்று சொல்ல முடியாது. எழுந்து நடப்பார், அவ்வளவுதான். வலி, புராஸ்டேட், அரிப்பு, மலச்சிக்கல், இரவுப் பசி ஒவ்வொன்றாகப் பாருங்கள். கால் குடைச்சலுக்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம், இரத்தச் சோதனையில் தெரிந்துவிடும். டோனபெசில் இரவில் கொடுத்தால் சிலருக்குத் தூக்கம் கெடும், பயங்கரக் கனவு வரும். காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீர் பிரியும் மாத்திரைக்கும் இதே கேள்வி.

அடுத்தது வெளிச்சம். இதை நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் செலவே இல்லை, யாரும் செய்வதும் இல்லை. நெதர்லாந்தில் 12 முதியோர் இல்லங்களில் 189 பேரை வைத்து நடந்த ஆய்வு 2008இல் வந்தது. சில இல்லங்களின் கூடத்தில் பகல் முழுக்கச் சுமார் 1,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் கொடுத்தார்கள். அறிவுத்திறன் தேய்வது அங்கே சற்றுக் குறைந்தது, மனச்சோர்வும் குறைந்தது. பலன் பெரிதில்லை, ஆனால் இருந்தது. மெலடோனின் மட்டும் கொடுத்தவர்களின் மனநிலையோ மோசமானது.

நமக்கு விளக்கு வாங்கவே தேவையில்லை. நம் ஊரில் காலை எட்டு மணிக்கு மரநிழலில்கூட அந்த ஆய்வில் கொடுத்ததைவிடப் பல மடங்கு வெளிச்சம் இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால், பெரியவரை ஜன்னல் சாத்திய உள்ளறையில் ஒரே ஒரு டியூப்லைட்டோடு வைத்திருக்கிறோம். காலையில் ஒரு மணி நேரம் திண்ணையிலோ மொட்டைமாடியிலோ பால்கனியிலோ உட்காரவைத்து அங்கேயே காபி, பேப்பர் கொடுங்கள். நடக்க முடிந்தால் தெருமுனைவரை கூட்டிப்போங்கள். கண்புரை முற்றியிருந்தால் வெளிச்சம் உள்ளே போகவே செய்யாது, அதையும் பாருங்கள். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் மட்டும் மங்கிய மஞ்சள் விளக்கு எரியட்டும்.

என் வாட்ச் ஆழ்ந்த தூக்கம் 40 நிமிடம்தான் என்று காட்டுகிறது. பயப்படலாமா?

வாட்ச் மூளை அலையை அளப்பதில்லை. அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. மொத்தம் எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்பதைச் சுமாராகச் சொல்லும். ஆழம் சொல்வதை நம்ப வேண்டாம்.

ஆழ்ந்த தூக்கம் முக்கியம்தான். ஃப்ரேமிங்ஹாமில் 346 பேரின் இரவுத் தூக்கத்தை முறையான சோதனையில் இரண்டு முறை பதிவுசெய்து ஒப்பிட்டார்கள். ஆழ்ந்த தூக்கம் வருடத்துக்கு ஒரு சதவீதம் குறைவது 27 சதவீதம் கூடுதல் மறதிநோய் வாய்ப்போடு சேர்ந்து வந்தது என்று 2023இல் எழுதினார்கள். ஆனால் அது ஆய்வகச் சோதனை. வாட்ச்சைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். கழற்றி வைத்துவிட்டுப் படுங்கள்.

தூக்கத்தைச் சரிசெய்துவிட்டால் மறதி நின்றுவிடுமா? நேராகச் சொல்லுங்கள்.

நிற்காது. தூக்கத்தைச் சரிசெய்து மறதிநோயைத் தடுத்ததாகவோ நிறுத்தியதாகவோ காட்டிய ஆய்வு இதுவரை இல்லை. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் மறதிநோய்க்கு மாற்றக்கூடிய காரணங்கள் என்று 14ஐப் பட்டியலிட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை, பார்வைக் குறைவு, கெட்ட கொழுப்பு, தனிமை எல்லாம் அதில் உண்டு. தூக்கம் இல்லை. எது முன், எது பின் என்ற குழப்பம் தீராததே காரணம்.

2023இல் ஒரு சிறு ஆய்வு ஆர்வத்தைக் கிளப்பியது. நடுத்தர வயதினர் 38 பேரை எடுத்து, அவர்களில் சிலருக்கு முன்பு சொன்ன ஒரெக்சின் வகை மாத்திரை ஒன்றை இரண்டு இரவுகள் கொடுத்தபோது, தண்டுவட நீரில் அமிலாய்டு 10 முதல் 20 சதவீதம் குறைந்தது. அதைச் செய்த டாக்டரே, இதை நம்பி யாரும் தினமும் மாத்திரை போடத் தொடங்க வேண்டாம் என்றார்.

ஆனால் தூக்கம் சரியானால் நாளைய பகல் சரியாகும். குழப்பம் குறையும், விழுவது குறையும், கோபம் குறையும், நேற்று தடுமாறிய பெயர் இன்று ஞாபகம் வரலாம். நோய் அப்படியே இருக்கும், அவர் கொஞ்சம் தெளிவாக இருப்பார்.

அவரைப் பார்த்துக்கொண்டு எனக்கு இரண்டு வருஷமாகத் தூக்கமே இல்லை. எனக்கும் இது வருமா?

வாய்ப்புக் கணக்கு மூன்றாவது பதிலில் இருக்கிறது; இரண்டு வருடத் தூக்கமின்மையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இப்போது உங்களுக்கு வரும் மறதி பெரும்பாலும் அசதியின் மறதி. தூங்கினால் சரியாகும்.

ஆனால் இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கடமையாக நினைக்காதீர்கள். முதியவரை இல்லத்தில் சேர்க்கும் முடிவுக்குக் குடும்பங்களைத் தள்ளும் காரணங்களில் இரவுத் தொந்தரவு முக்கியமானது. பெரும்பாலும் மருமகள் ஒருத்தியோ மகள் ஒருத்தியோதான் எல்லா இரவும் விழிக்கிறார். அண்ணன் தம்பிகள் போனில் ஆலோசனை சொல்கிறார்கள். வாரத்தில் இரண்டு இரவையாவது அவர்கள் தலையில் கட்டுங்கள், அல்லது இரவுக்கு ஆள் வைக்கப் பணம் கேளுங்கள். வாசற்கதவில் சிறு மணி கட்டினால் கண்ணை விழித்துக் காவல் இருக்க வேண்டாம். எங்கே உதவி கேட்பது என்றே தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567, உங்கள் மனச்சுமைக்கு டெலி மானஸ் 14416. இரண்டும் அரசு எண்கள், கட்டணம் இல்லை.

டாக்டரிடம் போனால் "தூக்கம் எப்படி?" என்கிறார், "சரியில்லை" என்கிறேன், மாத்திரை எழுதிவிடுகிறார். என்ன சொல்ல வேண்டும்?

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். படுத்த நேரம், எழுந்த நேரங்கள், எழுந்து என்ன செய்தார், பகலில் தூங்கியது, காபி, டீ, மலம் கழித்ததா, வெயிலில் உட்கார்ந்தாரா. துல்லியம் தேவையில்லை, சுமார் போதும். குறட்டையையும் கைகால் வீச்சையும் செல்போனில் படம் எடுங்கள். நீங்கள் பத்து நிமிடம் விவரிப்பதை அது அரை நிமிடத்தில் காட்டும்.

எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இருமல் மருந்து, சித்த மருந்து, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த தூக்க மாத்திரை, எல்லாம். கேட்க வேண்டியவை நான்கு: இதில் எது தூக்கத்தைக் கெடுக்கிறது, எதை எந்த நேரத்துக்கு மாற்றலாம், மூச்சடைப்புச் சோதனை தேவையா, புதிதாக எழுதும் மாத்திரையை எத்தனை வாரத்தில் நிறுத்த வேண்டும். நான்காவது கேள்விக்குப் பதிலைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.